லாங் கேஸா, ஆஸ்கியா, வார்டா: மருத்துவ மாணவரை எங்கே வைத்து எடைபோடுவது?

போன வருடம் மாடல் பிராக்டிகலில் ஒரு மாணவன் லாங் கேஸில், அதாவது ஒரு நோயாளியை முழுசாகப் பார்த்து ஒப்பிக்கும் தேர்வில், பின்னியெடுத்துவிட்டான். நோயாளி வியாசர்பாடியிலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயது அம்மா. மைட்ரல் வால்வு சுருக்கம், பல வருடமாக எங்கள் ஓபிக்கு வருபவர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் ஆரம்பித்து, முதல் பிரசவத்தின்போது மூச்சு வாங்கியது வரை பையன் கோவையாகச் சொன்னான். இதயத்தின் முணுமுணுப்பை எந்த இடத்தில் கேட்டான், எப்படிப் படுக்க வைத்துக் கேட்டான் என்பதையும் விட்டுவைக்கவில்லை. அன்றைக்கு அதுதான் அதிகபட்ச மார்க். சாயங்காலம் வார்டு சிஸ்டர் கேஸ் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “நல்லா சொன்னானாமே சார்? ஸ்கிரீன் இழுக்கவே இல்ல. அந்தம்மா முந்தானைய எடுத்துட்டு அப்படியே கேட்டுட்டு இருக்கான், எதிர் பெட்டுக்கு வந்தவங்கல்லாம் பாக்கறாங்க. நான்தான் போய் இழுத்துவிட்டேன்.”

மார்க் போட்ட இரண்டு பேரில் நானும் ஒருவன். அவன் நோயாளியைத் தொட்ட நேரத்தில் நாங்கள் பக்கத்து அறையில் அடுத்த மாணவனுக்கு வைவா வைத்துக்கொண்டிருந்தோம்.

இது நடந்து சில மாதங்களில், இறுதியாண்டு இன்டர்னல் மதிப்பீட்டையும் படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்குக் கடைசியில் கொடுக்கும் சான்றையும் எப்படி மாற்றலாம் என்று ஒரு குழு போட்டார்கள். சென்னையில் ஒரு கல்லூரி, வருடத்துக்கு 150 மாணவர்கள், அதற்குமேல் பெயர் வேண்டாம். யுனிவர்சிட்டி எக்ஸாம் எங்கள் கையில் இல்லை. அது கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் சொல்கிறபடி நடக்கும். ஆனால் இன்டர்னலும் வார்டும் எங்களுடையவை. அந்த இடத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று மூன்று மாதம் அலசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்கள் கல்லூரியிலும் வந்தால் உதவலாம்.

பழைய வழியிலிருந்தே தொடங்குகிறேன். லாங் கேஸ் என்றால் மாணவர் ஒரு நோயாளியோடு முக்கால் மணி நேரம் தனியாக இருப்பார். கதை கேட்பார், தொட்டுப் பார்ப்பார், பிறகு தேர்வாளரிடம் வந்து ஒப்பிப்பார். இதில் நாம் மார்க் போடுவது அந்த ஒப்பித்தலுக்குத்தான். நோயாளியிடம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு சங்கடம், தேர்வுக்கென்று கூப்பிட்டு வைக்கும் நோயாளிகள் எங்களைவிட அனுபவசாலிகள். பஸ் செலவும் சாப்பாடும் கொடுத்து வரவழைக்கிறோம். பத்துத் தேர்வு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்த உடனே, “இடது பக்கம் திரும்பிப் படுக்கணுமா தம்பி?” என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். மைட்ரல் வால்வு என்று அதற்குமேல் யார் சொல்ல வேண்டும்? சிலர் நேராகவே, “மண்ணீரல் நாலு விரல், நேத்து டாக்டருங்க அளந்தாங்க” என்று எடுத்துக் கொடுப்பார்கள். நல்ல மனசு, தப்பு சொல்ல முடியாது.

அதிர்ஷ்டமும் பெரிய விஷயம். ஒருவனுக்குக் கதை கோவையாகச் சொல்லும் நோயாளி கிடைப்பார். அடுத்தவனுக்கு வாயே திறக்காதவர் கிடைப்பார். இதயக் கேஸில் கெட்டிக்காரனாக இருப்பவன் நரம்புக் கேஸில் திணறுவது சர்வ சாதாரணம். ஒரே ஒரு கேஸை வைத்து ஒருவரின் திறமையைச் சொல்ல முடியாது என்பதில் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தவர்களுக்குள் சண்டையே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நானும் லாங் கேஸுக்கு வக்காலத்து வாங்கத்தான் போகிறேன். ஒரு முழு மனிதரை எடுத்துக்கொண்டு, சர்க்கரையும் பிரஷரும் வேலையும் வீட்டுக் கஷ்டமும் கலந்து கிடக்கும் கதையிலிருந்து எது முக்கியம் என்று பிரித்தெடுக்கும் வேலை வேறு எந்தத் தேர்விலும் வருவதில்லை. எங்கள் சீஃப் சொல்வார்: “ஸ்டேஷன் ஸ்டேஷனா வெட்டி வெச்சா நோயாளி பிரியாணிக் கறி மாதிரி ஆயிடுவார்யா.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குறை தேர்வில் இல்லை, அதைக் கண்ணால் பார்க்காமல் நடத்துவதில்தான்.

அடுத்து ஆஸ்கி. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1975-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய முறை. வரிசையாக ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றிலும் ஒரே வேலை, மணி அடித்தால் நகர வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே கேள்வி, தேர்வாளர் கையில் செக்லிஸ்ட். லாங் கேஸின் அதிர்ஷ்ட வியாதிக்கு இது நல்ல மருந்து. டிஎன்பி என்ற முதுநிலைத் தேர்வில் குழந்தை மருத்துவம் எழுதியவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். பிரிட்டனில் டாக்டராக வேலை பார்க்க எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் போகிறவர்களுக்கு எட்டு நிமிட ஸ்டேஷன் கனவில்கூட வரும்.

கணக்கைப் பார்க்கலாம். 12 ஸ்டேஷன், ஒன்றுக்கு 5 நிமிடம், நகர அரை நிமிடம். ஒரு சுற்றுக்கு 66 நிமிடம், இழுபறியோடு 70. 150 பேருக்கு 13 சுற்று. ஆக மொத்தம் பதினைந்து மணி நேரம், அதாவது முழுசாக இரண்டு நாள். தேர்வாளர் நின்று பார்க்க வேண்டிய ஸ்டேஷன் எட்டு என்றால் எட்டு ஆசிரியர்கள் இரண்டு நாளும் ஓபிக்கும் வார்டுக்கும் கிடையாது. நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். இதை ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் அமெரிக்காவில் 1963-லேயே தொடங்கிவிட்டார். நாங்கள் ஆபீஸ் ஊழியர்களையும் பிஜி (முதுநிலை) மாணவர்களையும் வைத்து ஓட்டினோம். ஆறாவது சுற்றிலேயே “நெஞ்சு வலிக்குது டாக்டர்” என்பதைக் கொட்டாவியோடு சொன்னார்கள்.

பிரஷர் பார்ப்பது, ஐவி போடுவது, கதீட்டர் போடுவது, நெஞ்சு அழுத்தி உயிர் மீட்பது, இவற்றுக்கு ஆஸ்கியை மிஞ்ச ஒன்றும் இல்லை. பொம்மையில் ஐம்பது முறை தப்புச் செய்தாலும் யாருக்கும் வலிக்காது.

நடத்தை என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. கை கழுவும் ஸ்டேஷனில் என் பேட்ச்சில் எல்லாரும் முழு மார்க். ஆறு படியும் பிசகாமல், நகக்கண் வரை தேய்த்தார்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அதே பிள்ளைகளில் நான்கு பேரை எண்ணிப் பார்த்தேன். மூன்று படுக்கை, மூன்று வயிறு, இடையில் ஒரு சொட்டு சானிடைசர் இல்லை. பாட்டில் கட்டிலின் கால்மாட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் மில்லர் 1990-ல் ஒரு பிரமிடு வரைந்தார்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுவார், செய்கிறார். ஆஸ்கி மூன்றாவது படியோடு நின்றுவிடும். நோயாளிக்கு வேண்டியது நான்காவது படி.

பேச்சு ஸ்டேஷனிலும் இதே கதை. கெட்ட செய்தி சொல்லும் ஸ்டேஷனில் பதினெட்டு பேர் தொடர்ந்து, “உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா” என்றார்கள், அதே இடைவெளி விட்டு, அதே தலையாட்டலோடு. கோச்சிங்கில் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததன் தமிழ் வடிவம். நடிகையாக உட்கார்ந்திருந்த ஆபீஸ் அக்காவே கடைசியில் சிரித்துவிட்டார். அமெரிக்காவில் இதற்கென்றே தேசிய அளவில் ஒரு தேர்வு வைத்தார்கள், டாக்டர் உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வின் இரண்டாம் படியில் கிளினிக்கல் ஸ்கில்ஸ். 2004-ல் தொடங்கினார்கள். ஐந்தே நகரங்களில் மையம், கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். கோவிட் வந்ததும் 2020-ல் நிறுத்தி, 2021 ஜனவரியில் ஒரேயடியாகக் கைகழுவிவிட்டார்கள். அவ்வளவு காசு இருக்கிற நாடே விட்ட சங்கதியை நாம் முழுசாகத் தூக்கிச் சுமக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

செக்லிஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 1999-ல் டொராண்டோவில் ஹாட்ஜஸும் மற்றவர்களும் காட்டிய விஷயம்: அனுபவம் கூடக் கூட செக்லிஸ்ட் மார்க் கூடுவதில்லை. தேர்ந்த மருத்துவர் நாலே கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிடுவார், பட்டியலில் மீதி இருபது கட்டம் காலியாகக் கிடக்கும். எங்கள் சோதனை ஆஸ்கியில் ஒரு பேராசிரியரை ரகசியமாக மாணவராக உட்கார வைத்தோம். பார்டரில்தான் பாஸானார். பெயர் சொன்னால் என்னை வார்டில் விடமாட்டார்.

வெளிநாட்டிலிருந்து வந்த செக்லிஸ்ட்களில் இல்லாத ஒன்று எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. “தன் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்” என்று ஒரு கட்டம் இருக்கும். நம் ஊரில் மரியாதை அதற்கும் முன்னாலேயே, வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ஏசி அறையில் ஆஸ்கி நடிகையிடம் “உக்காருங்கம்மா” என்ற அதே பெண், திங்கட்கிழமை ஓபி நெரிசலில் எழுபது வயதுப் பெரியவரிடம் “எங்க வலிக்குது, சொல்லு” என்பதை நான் கேட்டிருக்கிறேன். திமிர் என்று சொல்ல மாட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த பிஜி அப்படிப் பேசுவதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஒட்டிக்கொண்டது. ‘நீ’யா ‘நீங்க’யா என்பதைக் குறிக்க ஒரு கட்டம் சேர்த்தோம். ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் அந்தக் கட்டத்தை எப்படி எழுதுவது என்று அரை மணி நேரம் குழம்பி, கடைசியில் தாளையே தமிழில் அடித்தோம்.

தமிழில் அடித்ததும் இன்னொன்று தெரிந்தது. மூச்சுப் பிரச்சினை என்று ஒரே வார்த்தையாக நாங்கள் நினைத்திருந்தோம். நோயாளிகள் மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, இரைக்குது, நெஞ்சு அடைக்குது, படபடன்னு வருது என்று வேறு வேறாகச் சொல்கிறார்கள், அவற்றுக்கு வேறு வேறு அர்த்தமும் உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படுத்தால் முட்டுகிறதா என்று திருப்பிக் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் இதயம் எந்த நிலையில் இருக்கிறது என்று புரியும். இதைப் பட்டியலில் டிக் அடித்து அளக்க முடியாது, பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

அதற்கான வழிதான் மினி-சிஇஎக்ஸ், ‘மினி கிளினிக்கல் எவால்யுவேஷன் எக்ஸர்சைஸ்’ என்பதன் சுருக்கம். ஆசிரியர் பயிற்சி வகுப்பில் இந்தப் பெயரைச் சேர்த்து உச்சரித்தால் பின் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும். அதனால் நாங்கள் எழுத்து எழுத்தாகத்தான் சொல்வோம். அமெரிக்காவில் ஜான் நார்சினியின் குழு 1995-ல் அறிமுகப்படுத்தியது. வார்டிலோ ஓபியிலோ மாணவர் நிஜ நோயாளியைப் பார்ப்பதை ஆசிரியர் பதினைந்து இருபது நிமிடம் நின்று பார்ப்பார், ஒன்பதுக்கு மார்க் போடுவார், அங்கேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவார். ஊசி, குழாய் போன்ற செய்முறைகளுக்கு டாப்ஸ் என்று இதற்கு ஒரு தம்பி இருக்கிறான். ஒரு முறை செய்தால் லாங் கேஸ் மாதிரிதான், அதிர்ஷ்டம். பல நோயாளி, பல ஆசிரியர் என்று சேரச் சேரத்தான் நம்பலாம். பத்துப் பன்னிரண்டு இருந்தால் நிம்மதி, ஆறுக்குக் குறைந்தால் பேச வேண்டாம்.

“நேரம் எங்கே?” என்றார்கள் எல்லாரும். 150 பேர், ஆளுக்கு ஆறு, தலா 20 நிமிடம்: 300 மணி நேரம். கேட்கும்போது தலை சுற்றும். கிளினிக்கல் துறைகளில் 30 ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு வருடத்துக்குப் பத்து மணி நேரம். மாதத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதியதும் அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு வியாதி உண்டு. ‘பாவம், பையன்’ வியாதி. மூன்று மாதம் ஓட்டிப் பார்த்ததில் பெரும்பாலான தாள்களில் ஏழும் எட்டும்தான். நேருக்கு நேர் உட்கார்ந்து மூன்று போட நம்மவர்களுக்குக் கை வருவதில்லை. நானே ஒரு பெண்ணுக்கு ஆறு போட்டேன், மனதில் நான்கு இருந்தது. பிறகு மார்க்கை மூடிவிட்டு, அந்த ஐந்து நிமிடப் பேச்சில் என்ன சொன்னோம் என்ற இரண்டு வரியை மட்டும் கட்டாயமாக்கினோம். “வயிற்றைத் தொடும்போது முகத்தைப் பார்க்கவில்லை” என்று எழுத யாருக்கும் தயக்கம் இல்லை. மாணவர்கள் திரும்பத் திரும்பப் படித்ததும் அந்த வரியைத்தான்.

மாணவர் செய்த வேலைகளுக்கு ஆசிரியர் கையெழுத்துப் போடும் லாக் புக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு துறையில் போஸ்டிங் முடியும் வாரத்தில் நாற்பது கையெழுத்து ஒரே பேனாவில் விழும். ஏட்காம் வகுப்புகளும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கின்றன. 2019-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது நடத்தை, அறம், பேச்சு மூன்றையும் சேர்த்து ஏட்காம் என்று ஒரு பகுதி வைத்தது நல்ல காரியம். ஆனால் “நான் என்ன கற்றுக்கொண்டேன்” என்று எழுதச் சொல்லும் தாள்களை மதிப்பிட்டால், பதினோரு பேர் ஒரே தாத்தாவின் மரணத்தைப் பற்றி ஒரே வார்த்தைகளில் உருகியிருப்பார்கள். சீனியர் வாட்ஸ்அப்பில் போட்ட தாத்தா. வகுப்பு இருக்கட்டும், அதை மதிப்பெண்ணாக்க வேண்டாம்.

நடத்தையை அளக்கவே வேண்டுமா, அது வளர்ப்பில் வருவதுதானே என்று ஒரு கட்சி எங்கள் குழுவில் இருந்தது. அவர்களுக்கு நான் காட்டியது மேக்சின் பாபடாக்கிஸும் மற்றவர்களும் 2005-ல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் எழுதிய கட்டுரை. மருத்துவக் கவுன்சில்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களையும் தண்டனை இல்லாத 469 பேரையும் எடுத்து, அவர்களுடைய கல்லூரிக் காலக் கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். படிக்கும்போதே நடத்தை சரியில்லை என்று குறிப்பு இருந்தவர்கள் பின்னாளில் மாட்டும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. அதிலும் அழுத்தமாக ஒட்டியிருந்தது கடும் பொறுப்பின்மை: சொன்ன நேரத்துக்கு வராதது, பார்த்துக்கொள்கிறேன் என்றதைப் பார்க்காமல் விட்டது போன்றவை. அமெரிக்கக் கணக்குதான், நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தக் குறிப்புகளை எழுத அங்கே ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதை யோசியுங்கள். நம் கல்லூரியில் அப்படி ஒரு கோப்பே கிடையாது.

பொறுப்பின்மையை யார் பார்க்கிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு ட்ரிப் வெளியே போய்க் கை வீங்கிவிட்டது என்று கூப்பிட்டால் வருகிறாரா, போனை வைத்துவிடுகிறாரா என்பது சீஃபுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சிஸ்டருக்குத் தெரியும். ரத்த சாம்பிளுக்குப் பெயர் எழுதாமல் ஓடுகிறவரை லேப் டெக்னீஷியனுக்குத் தெரியும். வீல்சேர் தள்ளும் அண்ணனை ‘ஏய்’ என்று கூப்பிடுகிறவரை அந்த அண்ணனுக்குத் தெரியும். இவர்கள் எல்லாரையும் கேட்டு மதிப்பிடுவதைப் பல தரப்பு மதிப்பீடு என்கிறார்கள். என் கணக்கில், இருக்கிற எல்லா வழிகளிலும் நடத்தைக்கு இதுதான் மேல்.

ஆபத்து இல்லாமல் இல்லை. முந்தைய வாரம் சண்டை போட்டவர் பழி தீர்க்கலாம். தமிழ் தடுமாறும் வெளிமாநில மாணவர், பதில் பேசும் பெண், இவர்களுக்குக் கொஞ்சம் மட்டமாக விழும் என்பது எங்கள் சோதனையிலேயே தெரிந்தது. அதனால் ஒருவரைப் பற்றி எட்டுப் பேராவது எழுதாவிட்டால் தாள்களைத் திறப்பதில்லை, இதை மார்க்காக மாற்றுவதும் இல்லை. ஒரே குறை இரண்டு போஸ்டிங்கில் வந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவோம். மூன்றாவது முறை வந்தால்தான் சான்றில் கை வைப்போம்.

கடைசியில் எங்கள் முடிவு இப்படி. தேர்வு முறைகளை ஒப்பிட நெதர்லாந்தின் வான் டெர் வ்லூட்டன் 1996-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார். நம்பகம், பொருத்தம், கற்றலில் அதன் தாக்கம், ஏற்பு, செலவு எல்லாவற்றையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். அதை வைத்துப் பார்த்தால் 12 ஸ்டேஷன் ஆஸ்கி எங்கள் ஆசிரியர் எண்ணிக்கைக்குத் தாங்காது. செய்முறைகளுக்கு மட்டும் ஆறு ஸ்டேஷன், வருடத்துக்கு ஒரு முறை, பேச்சு ஸ்டேஷன் வேண்டாம். லாங் கேஸ் இருக்கும், ஆனால் முக்கால் மணியில் முதல் பதினைந்து நிமிடம் தேர்வாளர் ஸ்கிரீனுக்குள்ளேயே நிற்க வேண்டும். மினி-சிஇஎக்ஸ் ஆளுக்கு ஆறு, குறைந்தது நான்கு வேறு ஆசிரியர்கள். ஹவுஸ் சர்ஜன் சான்றுக்கு வார்டுக்காரர்களின் தாள். ஆசிரியர் பாதிப் பேர் இல்லாத கல்லூரி என்றால் நான் ஆஸ்கியை முழுசாக விட்டுவிட்டு மினி-சிஇஎக்ஸை வைத்துக்கொள்வேன். ஆசிரியரும் சிமுலேஷன் லேபும் தாராளமாக இருக்கும் இடம் என்றால் ஸ்டேஷன்களைக் கூட்டலாம், வார்டைக் குறைக்கக் கூடாது.

வார்டுக்காரர்களின் தாளில் ஐந்தே கேள்வி. கடைசிக் கேள்வி, ஓலே டென் காட்டே என்பவர் 2005-லிருந்து சொல்லிவரும் ‘நம்பி ஒப்படைத்தல்’ யோசனையிலிருந்து எடுத்தது: “உங்கள் அம்மா இந்த வார்டில் படுத்திருந்தால், ராத்திரி டியூட்டிக்கு இவரைத் தனியாக விடுவீர்களா?” மற்ற நாலு கேள்விக்கும் யோசிக்கிறவர்கள் இதற்கு யோசிப்பதே இல்லை, பேனா உடனே ஓடும்.

விளக்கக் கூட்டத்தில் அந்த வார்டு சிஸ்டரும் வந்திருந்தார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “மாட்டேன்னு எழுதினா கீழ கையெழுத்து போடணுமா சார்?”

கையெழுத்துக் கட்டத்தை அன்றைக்கே எடுத்தோம். தாள் போடும் பெட்டியும் இப்போது யூனிட் ரூமில் இல்லை, நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அறை வாசலில் இருக்கிறது.